பதினாலாம் நம்பர் மிஷினின் கப்பி போல்ட்

ஆவரங்குளத்தில் ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டால், அதைக் கடைசியாக முடுக்கியவர் அந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறாரோ அங்கேயே பிடிபட்டுவிடுவார். போல்ட் கழலும்வரை அவரால் அந்த இடத்தைவிட்டு அசைய முடியாது. பேசலாம், சாப்பிடலாம், கழுத்தைத் திருப்பலாம், எதையும் பிடித்திராத கையை ஆட்டலாம். மற்றபடி ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை.

இந்த விதி போல்ட்டுக்கு மட்டும்தான். திருகாணிக்கு அவ்வளவு பலம் கிடையாது. திருகாணி இறுகினால் முடுக்கியவருக்கு ஒரு தயக்கம் வரும், அவ்வளவே. ஊர் நூலகர் தன் மூக்குக்கண்ணாடியின் திருகாணியைத் தானே முடுக்கிய நாளிலிருந்து, எந்த வாக்கியத்தையும் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கேட்கிறவர்கள் அந்தச் சொல்லைத் தாங்களே போட்டுக்கொண்டு புத்தகத்தோடு போய்விடுவார்கள். ஆணிக்கு எந்தப் பலனும் இல்லை. ஆவரங்குளத்தில் தச்சர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

ஊருக்கு வடக்கே இருந்த நூல் மில் மூடப்பட்ட வருடம் மட்டும் முப்பத்தோரு பேர் பிடிபட்டார்கள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தவரை எண்ணெயும் அதிர்வும் போல்ட்டுகளைத் தூங்கவிடவில்லை. ஓட்டம் நின்றதும், ஐப்பசி மழை கூரைத் தகரத்தின் ஓட்டைகள் வழியே இறங்கி மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. ஒருவர் தபால்பெட்டிக்குள் கை விட்ட நிலையில் பிடிபட்டார். இன்னொருவர் மகள் கல்யாணப் பந்தியில் மோர் வாளியோடு குனிந்தபோது பிடிபட்டார். அடுத்த இரண்டு வருடம் அந்த மண்டபத்தில் நடந்த அத்தனை கல்யாணங்களிலும் மோர் அவர் வாளியிலிருந்துதான்.

குற்றாலிங்கம் பிடிபட்டது மாசானத்தின் சலூனில்.

அவர் மில்லில் பத்தொன்பது வருடம் பிட்டர், மிஷின்களைக் கழற்றிப் பூட்டுகிறவர். மில் மூடிய மூன்றாவது சனிக்கிழமை சவரத்துக்குப் போனார். நாற்காலி லேசாக ஆடியது. ஆடுகிற எதிலும் உட்கார அவருக்கு மனம் ஒப்பாது. மடியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, குனிந்து, நாற்காலியின் அடியில் இருந்த போல்ட்டை நன்றாக முடுக்கிவிட்டு உட்கார்ந்தார். மாசானம் இடது கன்னத்தை மழித்து முடித்துக் கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டிருந்தபோது, "ஏல மாசானம், பிடிச்சிட்டு," என்றார்.

"எது அண்ணாச்சி?"

"பதினாலாம் நம்பர். கப்பி போல்ட்."

பல்வலிக்காரருக்கு எந்தப் பல் என்று தெரிவதுபோல, பிடிபட்டவருக்கு எந்த போல்ட் என்று தெரிந்துவிடும். மாசானம் வலது கன்னத்தையும் முடித்துவிட்டு, குற்றாலிங்கத்தின் மனைவி வடிவுக்கு ஆள் அனுப்பினான். அவள் வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, இரவுச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். அதன்பின் பதினோரு வருடம் ஆயிற்று.

பிடிபட்ட நேரத்தில் மழித்திருந்த இடது கன்னத்தில் அப்புறம் முடி வளரவில்லை. வலது கன்னம் வழக்கம்போல் வளர்ந்தது. சனிக்கிழமை தோறும் மாசானம் அதற்கு மட்டும் நுரை போடுவான். ஐந்தாவது வருடம் சலூனைப் பேருந்து நிலையத்திலிருந்து மார்க்கெட் தெருவுக்கு மாற்றியபோது, குற்றாலிங்கத்தை நாற்காலியோடு தூக்கிக் குட்டிலாரியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பிடிபட்டவர் தான் எதன்மேல் பிடிபட்டாரோ அதோடு போவார். இதில் ஊரில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. லாரிக்குப் பின்னால் வடிவு தூக்குச்சட்டியோடு நடந்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் குற்றாலிங்கத்துக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் தலையசைத்தார்.

சலூனில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் பேப்பரை அவர்தான் உரக்கப் படிப்பார். எல்லைத் தகராறு, கிரிக்கெட் தகராறு எல்லாம் அவர் நாற்காலிக்கு முன்னால் வந்து தீரும். வடிவு இரண்டு வேளை வருவாள்.

"ஏதாவது வேணுமா?"

"முதுகுப் பக்கம் சட்டைய இழுத்து விடு."

இழுத்து விடுவாள். காத்திருக்கும் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு வருடமாக அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் மூன்றாம் ஆள் முன்னால் பேசக்கூடிய பேச்சு. வேறு பேச்சு தனக்குள் எங்கே போய்ச் சேர்ந்தது என்று வடிவுக்குத் தெரியவில்லை. அது கெட்டுப்போய்விட்டதோ, உலர்ந்துவிட்டதோ. அவள் தேடிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் மில் வாட்ச்மேன் பின்கேட்டைத் திறந்து விடுவார். பிடிபட்டவர்களின் வீட்டார் எண்ணெய்க் கிண்ணமும் பழந்துணியுமாகப் போய்த் தங்கள் தங்கள் போல்ட்டுக்கு முன்னால் உட்காருவார்கள். முதல் வருடங்களில் மில்லுக்குள் கோயில் கூட்டம் இருந்தது. மண்ணெண்ணெய் விட்டார்கள், விளக்கெண்ணெய் விட்டார்கள், ஒருத்தி புளித்த மோர் விட்டாள். வடிவுதான் முறையாகக் கற்றுக்கொண்டாள். போல்ட்டைச் சூடாக்கக் கூடாது, அதைச் சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்க வேண்டும். சூட்டில் மெழுகுவத்தியை வைத்துத் தேய்த்தால் மெழுகு உருகி, போல்ட்டின் திருகு வரியான மரைக்குள் தானாக ஏறிக்கொள்ளும். தலையில் சுத்தியலால் தட்ட வேண்டும். கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான், உடைக்கிற அளவுக்கு அல்ல. அப்புறம் ஸ்பேனரை மாட்டி ஒரே சீராக இடப்பக்கம் இழுக்க வேண்டும். முப்பத்தோரு பேரில் இருபத்தொன்பது பேர் விடுபட்டார்கள். அதில் பதினொரு போல்ட் வடிவின் கையால் கழன்றவை. மோர் வாளிக்காரரை விடுவித்ததும் அவள்தான். அவர் நிமிர்ந்து வாளியைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருப்பதை விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

தன் போல்ட் மட்டும் அவளுக்கு அசையவில்லை.

துருவேறிய போல்ட்டைக் கழற்ற மற்ற ஊர்களில் ஒரு சுலபமான வழி உண்டு. முதலில் எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை முடுக்க வேண்டும். துருவின் ஓடு உடைந்துவிடும். பிறகு கழற்றினால் வந்துவிடும். ஆவரங்குளத்தில் அந்த வழியை யாரும் தொடுவதில்லை. மயிரிழை முடுக்கினாலும் முடுக்கியதுதான். கடைசியாக முடுக்கியவர் என்ற பேர் கை மாறிவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிட்டரிடம், அவர் போட்ட போல்ட்டுக்கு மரை எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாது. பெரும்பாலான போல்ட்டுகள் வலது மரை. இடப்பக்கம் திருப்பினால் கழலும். சுழல்கிற தண்டின் ஓட்டமே போல்ட்டைக் கழற்றிவிடும் என்கிற சில இடங்களில் மட்டும் இடது மரை போடுவார்கள். அது நேர் எதிராகக் கழலும். சைக்கிளின் இடது பெடல் அப்படித்தான். எது எங்கே என்று பிட்டருக்குத் தெரியும், தேவைப்பட்டால் அவரே சொல்வார். அவர் சொல்லவில்லை என்றால் வலது மரை. கேட்பது, அவர் தகப்பன் யார் என்று கேட்பதற்குச் சமம். மில்லின் நாற்பது வருடத்தில் ஒரே ஒரு குமாஸ்தா கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து கேன்டீனில் அவருக்கு யாரும் டீ ஊற்றவில்லை.

குற்றாலிங்கம் எதுவும் சொல்லவில்லை. எனவே பதினோரு வருடமாக வடிவு இடப்பக்கம் இழுத்தாள். தென்காசியிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர் வந்து இடப்பக்கம் இழுத்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நாலடி பைப்பை ஸ்பேனரில் மாட்டித் தொங்கிப் பார்த்தார். போல்ட் அவர்கள் எல்லாரையும் பொறுத்துக்கொண்டது.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பொன்னுரங்கம் என்ற தரகர் வந்தார். பதினாலாம் நம்பர் மிஷின் விலையாகிவிட்டது, வடக்கே ஒரு ஊருக்குப் போகிறது, வியாழக்கிழமை லாரி வரும் என்று சலூனில் உட்கார்ந்து சொன்னார். தாடியை ஒதுக்கிக்கொள்ளத்தான் வந்தவர்.

"இறுகின போல்ட்ட என்ன செய்வாங்க?" என்று மாசானம் கேட்டான்.

"அதெல்லாம் அங்க போயி கேஸ்ல வெட்டிப் போடுவாங்க. அதுக்குப் போயி யாருங்க உக்காந்துட்டு இருப்பாங்க?"

பக்கத்து நாற்காலியில் இருந்த குற்றாலிங்கம் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சாப்பாட்டோடு வந்திருந்த வடிவு தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

வெட்டிய போல்ட் கழன்ற போல்ட் ஆகாது. கழற்றுவதற்கு அப்புறம் ஒன்றும் இருக்காது. பிடிபட்டவர் பிடிபட்டபடியே போக வேண்டியதுதான். இதற்கு ஊரில் ஒரு முன்னுதாரணம் இருந்தது. ரேஷன் கடை வாசலில் நின்ற இசக்கிப்பாண்டியின் போல்ட்டை ஆறாவது வருடம் ஒரு பழைய இரும்புக்காரன் வெட்டிவிட்டான். இசக்கிப்பாண்டி இன்னும் கடை வாசலில் நிற்கிறார். வரிசை அவருக்குப் பின்னாலிருந்துதான் தொடங்கும். கடை திறந்ததும் அவருக்கு முதலில் சர்க்கரை போட்டு, பையை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அவர் மனைவி முதலில் தினமும் வந்தாள். பிறகு வாரம் ஒரு நாள். இப்போது சர்க்கரை போடுகிற நாளில் மட்டும் வருகிறாள். தப்பு என்று சொல்ல முடியாது. முடிவே இல்லாத ஒன்றுக்கு மனுஷி எத்தனை தடவை வருவாள்?

வடிவு குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிருவாங்களாம்," என்றாள்.

"கேட்டேன்."

"நாளைக்கு செவ்வாக்கிழமை. கடைசியா ஒரு தடவ பாக்கேன்."

அவர் வாயைத் திறந்தார். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் பழைய மில்காரர். குற்றாலிங்கம் வாயை மூடிக்கொண்டு, பிறகு, "குடிக்கத் தண்ணி கொண்டு போ. உள்ள வெக்கையா இருக்கும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை மில்லுக்குள் வடிவைத் தவிர யாரும் இல்லை. விடுபட்டவர்களின் வீட்டார் இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை. அவர்கள் பயன்படுத்திய எண்ணெய்க் கிண்ணங்கள் மட்டும் மிஷின்களின் காலடியில் கிடந்தன. பதினாலாம் நம்பரின் தலைமாட்டில் ஓர் இரும்புப் படி உண்டு. மிஷினோடு சேர்ந்த படி. அதில் ஏறி நின்றால் கப்பி நெஞ்சுக்கு நேராக வரும். அவள் ஏறி நின்று, புளோ லேம்ப்பைப் பற்றவைத்து, போல்ட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் சூடு காட்டினாள். இரண்டு மெழுகுவத்தி கரைந்து உள்ளே போயிற்று. கதவைத் தட்டுகிற அளவுக்குத் தட்டினாள். ரிங் ஸ்பேனரைத் தலையைச் சுற்றி முழுசாக மாட்டினாள். பெரிய சைஸ், அவள் முழங்கை நீளம். இரண்டு கைகளாலும் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். வீட்டில் காலியாகக் கிடந்த கட்டிலை நினைத்துக்கொண்டு இழுத்தாள். இசக்கிப்பாண்டியின் மனைவியை நினைத்துக்கொண்டு இழுத்தாள்.

போல்ட் திரும்பியது.

அரைக்கால் சுற்றுதான். ஆனால் அதன் சத்தம் அவளுக்குப் பழகிய சத்தமாக இல்லை. கழலும் போல்ட் கூச்சலிடும். முதல் கூச்சலில் துருத்தூள் உதிரும். இது முனகியது. சாப்பிட்டு முடித்தவர் பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது முனகுவதுபோல. தூள் ஒன்றும் உதிரவில்லை. பதினொரு போல்ட் கழற்றியவளுக்கு அந்த முனகலின் பொருள் தெரிந்துவிட்டது.

இடது மரை.

இரும்பு சூடாக இருந்தது. ஆறிய பிறகுதான் பிடிக்கும். சுமார் ஐந்து நிமிடம் என்று கணக்கிட்டாள். ஐந்து நிமிடத்தில் மில் வாசலுக்குப் போய்விடலாம். அங்கே ஒரு வேம்பு இருந்தது, வாட்ச்மேனின் நாய் இருந்தது. ஓடினால் சாலைவரைகூடப் போகலாம். சாலையில் நின்றால் வருகிறவர் போகிறவர் முகத்தையாவது பார்க்கலாம். பிடிபடும் இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு ஊரில் யாருக்கும் கிடைத்ததில்லை. வடிவு அதை நன்றாக யோசித்துப் பார்த்தாள். பிறகு அங்கேயே நின்று ஸ்பேனரை வலப்பக்கம் இழுக்கத் தொடங்கினாள்.

நாலாவது நிமிடத்தில் இரும்பு ஆறியது. அவள் இரண்டு கைகளும் ஸ்பேனரின்மேல் இருந்தன.

அதே நேரம் மார்க்கெட் தெருவில், முதல் பக்கச் செய்தி ஒன்றைப் பாதி படித்துக்கொண்டிருந்த குற்றாலிங்கம் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார்.

"அண்ணாச்சி, கழண்டுட்டு!" என்று மாசானம் கத்தினான்.

குற்றாலிங்கம் பேப்பரை மடித்து அவனிடம் கொடுத்தார். "கழரல," என்றார். "கை மாறியிருக்கு."

நடை மறந்து போயிருந்தது. சுவரைப் பிடித்து, தந்திக் கம்பத்தைப் பிடித்து, கடைசியில் ஒரு மாட்டுவண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு மில்லுக்கு வந்து சேர்ந்தார். வழியில் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். மில்லுக்குள் வந்து, மிஷின் வரிசையைச் சுற்றி, வடிவுக்கு எதிரே நின்றார். அவள் ஸ்பேனர் கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார்.

"அது இடது மரை," என்றார்.

"இப்பத்தான் தெரிஞ்சுது."

அவள் புடவைத் தலைப்பு நழுவியிருந்தது. அவர் அதை எடுத்துத் தோளில் போட்டார். பதினோரு வருடத்துக்குப் பிறகு மூன்றாம் ஆள் இல்லாமல் அவர்கள் இருந்த முதல் நேரம் அது.

"ஏன் சொல்லல?" என்றாள் வடிவு.

"யாரும் கேக்கல்லியே."

"கேக்கக் கூடாதுல்லா."

"ஆமா. கேக்கக் கூடாது."

கப்பியைப் பார்த்தபடியே அவர் சொன்னார். கடைசி ஷிப்டில் அந்தக் கப்பியைக் கழற்றி ஸ்டோரில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். மில் மூடுகிற நினைப்பில் அவர் ஸ்பேனரை இடப்பக்கம் போட்டு, முழு பலத்தோடு இழுத்துவிட்டார். இறுகிவிட்டது. பத்தொன்பது வருடம் பிட்டராக இருந்தவர், கழற்றப் போன போல்ட்டை முடுக்கிவிட்டு வந்தார். யாரும் பார்க்கவில்லை. மணி அடித்தது, எல்லாரும் போய்விட்டார்கள்.

"முடுக்குனேன்னுதான் ஊருக்குத் தெரியும்," என்றார். "கழத்தப் போயி முடுக்குனேன்னு தெரியாது."

"அதுக்காகப் பதினோரு வருசம் நாற்காலியில இருந்தீகளா?"

"நான் பிட்டர்டி," என்றார் குற்றாலிங்கம்.

அயலூர்க்காரன் எவனாவது வந்து, கழற்றுவதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை முடுக்கிப் பார்த்திருந்தால் முதல் நாளே கழன்றிருக்கும் என்று வடிவுக்குத் தோன்றியது. அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு காலி இடம் இருந்தது. மூக்கில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது, சொறிந்து விடச் சொன்னாள். அவர் சொறிந்துவிட்டார்.

அன்று மாலையும் மறுநாள் முழுவதும் அவர் போல்ட்டைக் கழற்றப் பார்த்தார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. போல்ட்டைத் திருப்ப வேண்டும் என்றால் ஸ்பேனர் திரும்ப வேண்டும். ஸ்பேனர் வடிவின் கையில் இருந்தது. வடிவின் கை அசையாது, ஏனென்றால் போல்ட் இறுகியிருக்கிறது. வேறு ஸ்பேனர் போடலாம் என்றால் போல்ட்டின் தலை முழுவதும் அவள் பிடித்திருந்த வளையத்துக்குள் இருந்தது. குற்றாலிங்கம் படியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறி இறங்கினார். ஊரில் நல்ல கைகள் என்று பேர் வாங்கியவர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். எல்லாரும் சற்று நேரம் பார்த்துவிட்டு, நல்ல கை வேண்டும் என்றால் வடிவைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சலூனில் மாசானம் அதே புதன்கிழமை, பதினோரு வருடத்துக்குப் பிறகு காலியான நாற்காலியைப் பார்த்தான். மெத்தையின் இடுக்கிலும் அடிப்பாகத்திலும் பதினோரு வருடத்து முடி அடைந்து கிடந்தது. நாற்காலியைத் தெருவுக்கு இழுத்துவந்து நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நிழலில் காயவைத்தான். நல்ல மனதோடு செய்த வேலை.

வியாழக்கிழமை லாரி வந்தது. பொன்னுரங்கம் மிஷினைச் சுற்றி வந்து, படியில் நின்ற வடிவுக்கு வணக்கம் வைத்துவிட்டு, கையிலிருந்த காகிதத்தைப் படித்தார்.

"இருக்கிற நிலையில எடுத்துக்கறதுன்னு எழுதியிருக்குதுங்க," என்றார். "மேல ஆள் நிக்கறதும் ஒரு நிலைதானுங்களே."

"எடுத்துக்கிடுங்க," என்றார் குற்றாலிங்கம். "ஆனா அங்க போயி வெட்டக் கூடாது."

"அது என் கையில இல்லீங்க. வாங்கினவங்க வெட்டுவாங்க. நீங்க வேணும்னா கூடவே வந்து, பக்கத்துல உக்காந்து, வெட்டாதீங்க வெட்டாதீங்கன்னு சொல்லிட்டே இருங்க. மனுசங்கதானே, ஒரு நாள் ரெண்டு நாள் கேப்பாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வெட்டிருவாங்க."

வேறு வழி எதுவும் யாருக்கும் தோன்றவில்லை. மிஷினைச் சங்கிலி போட்டுத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். வடிவு படியோடு ஏறினாள். மேலேயிருந்து பார்த்தபோது மில் கூரையின் ஓட்டைகள் எல்லாம் தெரிந்தன. அத்தனை பெரிய ஓட்டைகள் இல்லை. லாரி மெதுவாகக் கிளம்பி ஊர் எல்லையில், டிரைவர் டீ குடிப்பதற்காக நின்றது. குற்றாலிங்கம் வீட்டுக்குப் போய் ஒரு பையில் இரண்டு புடவை, தூக்குச்சட்டி, விபூதிப் பொட்டலம், தன் பழைய ஸ்பேனர் எல்லாம் எடுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். பையை வடிவின் காலடிக்கு எறிந்தார். டிரைவர் டீ குடித்து முடித்து இஞ்சினைப் போட்டார். குற்றாலிங்கம் லாரியின் பின்பலகையை இரண்டு கைகளாலும் பிடித்து, வலது காலைத் தூக்கிப் பலகையின்மேல் வைத்தார். இடது கால் இன்னும் சாலையில் இருந்தது.

அப்படியே நின்றார்.

"ஏறுங்க," என்றாள் வடிவு.

"பிடிச்சிட்டு," என்றார் குற்றாலிங்கம்.

"எது?"

அவர் கழுத்தைத் திருப்பி ஊரைப் பார்த்தார். "மாசானம் நாற்காலி. அடிப்போல்ட்டு. அன்னைக்கு நான்தான் முடுக்குனேன். எவனோ தண்ணி ஊத்தியிருக்கான்."

டிரைவர் கியரைப் போட்டார். இஞ்சின் சீறியது, புகை வந்தது, லாரி அசையவில்லை. குற்றாலிங்கத்தின் ஒரு கால் லாரியைச் சேர்ந்தது, ஒரு கால் சாலையைச் சேர்ந்தது. இரண்டையும் பிரிக்க இஞ்சினுக்குப் பலம் போதவில்லை. டிரைவர் இறங்கி வந்து இரண்டு கால்களையும் பார்த்தார். பிறகு இஞ்சினை நிறுத்திவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

வெள்ளிக்கிழமை பொன்னுரங்கம் தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். லாரிக்கு அடியில் டிரைவர் ஒரு கொசுவலை கட்டிக்கொண்டார். மினிபஸ்காரர் அங்கே ஒரு நிறுத்தம் போட்டார். வடிவும் குற்றாலிங்கமும் ஐந்தடி இடைவெளியில் இருந்தார்கள், அவள் சற்று மேலே, அவர் சற்றுக் கீழே. இரவில் அந்த வழியாக யாரும் போவதில்லை. அன்றைக்கு அவர்கள் ஏதோ கொஞ்சம் பேசினார்கள்.

சனிக்கிழமை காலையில் மாசானம் வந்தான். ஒரு கையில் சவரப் பெட்டி, இன்னொரு கையில் புது ஸ்பேனர். டிரைவர்தான் ஆள் அனுப்பியிருந்தார்.

"அண்ணாச்சி, தப்பு என் பேர்ல. நானே கழத்திருதேன்," என்றான். பிறகு ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாற்காலி சுழல்கிற நாற்காலி. அதன் அடிப்போல்ட்டுக்கு மரை எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். தப்பான பக்கம் இழுத்தால் பேர் அவனுக்குக் கை மாறும். அவன் வடிவைப் பார்த்தான், டிரைவரைப் பார்த்தான். கேட்கவில்லை.

டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் பழைய மில்காரர்கள். வடிவு அவர்களையும் பார்த்தாள். மாசானத்தின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள், அந்த போல்ட் கழன்றதும் லாரி கிளம்பிப் போகிற வடக்குச் சாலையைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள். எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். "அந்த நாற்காலி போல்ட்டு இடது மரையா, வலது மரையா?"

பெஞ்சில் இருந்தவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

குற்றாலிங்கம் சாலையில் இருந்த தன் காலைக் குனிந்து பார்த்தார். பின்பலகையின்மேல் இருந்த காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஐந்தடி தூரத்தில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"சரி, மெள்ள யோசிங்க," என்றாள் வடிவு.

மாசானம் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு நுரை குழைக்கத் தொடங்கினான். இந்தத் தடவை இரண்டு கன்னத்திலும் முடி வளர்ந்திருந்தது.

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டான்.